ரகசியம் எப்போது அமானிதம்? சாட்சி எப்போது கடமை?

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன். அம்மா பஅத்.

 

முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன். தனிமையிலும் கூட்டத்திலும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற ரப்பு ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணத்தோடு வாழ்வதுதான் தக்வா. இன்றைய தலைப்பும் பார்ப்பதையும் மறைப்பதையும் பற்றியதுதான்.

ஒரு தம்பி கேட்ட மஸ்அலா

சில மாதங்களுக்கு முன்பு இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு, நம் காட்டூர் பக்கத்துத் தம்பி ஒருவர் ஸஃப்பிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர். இரவுப் பணியில் குறிப்பேடு எழுதுவது அவர் பொறுப்பு.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். வேலைக்குச் சேரும்போது கம்பெனி விஷயத்தை வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ராத்திரியில தண்ணி திறந்து விடுறாங்க. அது என்ன தண்ணின்னு எனக்குத் தெரியும். நோட்டுல வேற மாதிரி எழுதச் சொல்றாங்க. அதிகாரிங்க வந்தா அந்த நோட்டைப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுறாங்க. நான் வெளிய சொன்னா அமானிதத்துக்குத் துரோகம் செஞ்சவனா ஆயிடுவேனா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, உங்களுக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. பொறுமையா இருங்க, துஆ செய்யுங்க" என்றேன். அவரும் "சரிங்க ஹஜ்ரத்" என்று சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டது மார்க்கத்தின் கேள்வி. நான் சொன்னது என் பயத்திலிருந்து வந்த பதில். அரபிக் கல்லூரியில் பல வருடம் கிதாபுகளை ஓதிப் பட்டம் வாங்கிய ஒருவன் அப்படிப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். ஏனென்றால் இது அவர் ஒருவருடைய பிரச்சினை இல்லை.

ரகசியம் காப்பது ஈமானின் பகுதி

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். ரகசியம் என்றாலே கெட்டது என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. ஒருவர் உங்களிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாலே, அந்தச் செய்தி உங்களிடம் அமானிதம் ஆகிவிடுகிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. முனாஃபிக்குகளின் பெயர்களை நபி (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரலி) அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களே கேட்டும் ஹுதைஃபா (ரலி) அந்தப் பெயர்களை வெளியிடவில்லை.

அரசுக்கும் நியாயமான ரகசியம் உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்காவை நோக்கிப் புறப்படும் திட்டத்தை நபி (ஸல்) அவர்கள் மறைத்து வைத்திருந்தார்கள். பத்ரில் கலந்துகொண்ட ஸஹாபியான ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள், மக்காவிலிருந்த தன் குடும்பத்துக்குப் பாதுகாப்புத் தேடி, அந்தத் திட்டத்தைக் குறைஷிகளுக்குக் கடிதமாக எழுதி ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்கள். அலீ (ரலி) முதலானோர் ரவ்ளத்து காக் என்ற இடத்தில் அந்தப் பெண்ணை மறித்துக் கடிதத்தை மீட்டார்கள். சூரா அல்மும்தஹினாவின் ஆரம்ப வசனங்கள் இது பற்றித்தான் இறங்கின. ஹாதிப் (ரலி) செய்தது தவறு என்று கண்டிக்கப்பட்டது. அதே நேரத்தில் நபி (ஸல்) அவர்கள் அவரை விசாரித்தார்கள், காரணத்தைக் கேட்டார்கள், பத்ரில் அவர் நின்றதை எடுத்துச் சொல்லி மன்னித்தார்கள்.

ஆக, வெளியே சொன்னவரெல்லாம் தியாகி என்று நாம் சொல்லவில்லை. எதைச் சொன்னார், யாருக்காகச் சொன்னார், சொன்னதால் யார் காப்பாற்றப்பட்டார்கள், யாருக்கு ஆபத்து வந்தது என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

சபை எப்போது அமானிதம் இல்லை?

ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. சபைகளில் பேசப்படுபவை அமானிதம். மூன்று சபைகளைத் தவிர என்பது அதன் கருத்து. அநியாயமாக ரத்தம் சிந்தத் திட்டமிடும் சபை, கற்பைப் பறிக்கத் திட்டமிடும் சபை, உரிமையில்லாமல் பிறர் பொருளைப் பறிக்கத் திட்டமிடும் சபை ஆகியவையே அந்த மூன்று. இதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை அறிஞர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இதன் கருத்துக்குக் குர்ஆனே ஆதாரமாக நிற்கிறது. சாட்சியத்தை மறைக்காதீர்கள், மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்லாஹ் அல்பகராவின் 283ஆம் வசனத்தில் எச்சரிக்கிறான். அநீதி இழைக்கப்பட்டவர் பேசினால் தவிர, தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று அந்நிஸாவின் 148ஆம் வசனம் சொல்கிறது. அந்த விதிவிலக்கைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவனின் வாயை அல்லாஹ் கட்டவில்லை.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அந்நிஸாவின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. 'உரியவர்கள்' என்பதுதான் இங்கே முக்கியமான சொல். ஒரு மனிதனின் குடும்ப ரகசியத்துக்கு உரியவர் அவரே. ஒரு கம்பெனியின் வியாபார நுணுக்கத்துக்கு உரியவர் அதன் முதலாளி. ஆனால் ஏரியில் என்ன கலக்கிறது என்ற செய்திக்கு யார் உரியவர்? அந்த ஏரியில் இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள், வலை போடுகிறவர்கள், அந்த மீனைச் சாப்பிடுகிற பிள்ளைகள். அந்தச் செய்தி அவர்களுடையது. அதைப் பூட்டி வைத்திருப்பவர்தான் அமானிதத்துக்குத் துரோகம் செய்கிறார். அந்தத் தம்பி போட்ட கையெழுத்து அல்லாஹ் ஹராமாக்கியதை ஹலாலாக்காது. படைத்தவனுக்கு மாறு செய்யும் விஷயத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி.

'ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தால் அல்லாஹ் மறுமையில் நம் குறையை மறைப்பான் என்று ஹதீஸ் இருக்கிறதே?' என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், இது தீமையிலும் அட்டூழியத்திலும் பேர்போனவர்களுக்குப் பொருந்தாது, அப்படிப்பட்டவனை மறைப்பது அவனுக்குத் துணிச்சலைக் கொடுக்கும் என்று தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். புறம் பேசுவது கூடும் என்ற ஆறு சந்தர்ப்பங்களை அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் தொகுத்திருக்கிறார்கள். அநீதியை முறையிடுவதும், தீமையை மாற்ற உதவி தேடுவதும், மக்களை எச்சரிப்பதும் அவற்றில் அடங்கும்.

ஃபிர்அவ்னின் சபையிலிருந்து வந்த செய்தி

அரசின் ரகசியத்தை வெளியே சொன்ன ஒரு மனிதரைக் குர்ஆன் பாராட்டும் தொனியில் பேசுகிறது. சூரா அல்கஸஸின் 20ஆம் வசனத்தைப் பாருங்கள். நகரத்தின் கோடியிலிருந்து ஒரு மனிதர் ஓடோடி வருகிறார். 'மூஸாவே, உங்களைக் கொல்லப் பிரமுகர்கள் கூடி ஆலோசிக்கிறார்கள், வெளியேறிவிடுங்கள், நான் உங்கள் நலம் நாடுகிறவன்' என்ற கருத்தில் பேசுகிறார். பிரமுகர்களின் ஆலோசனை என்றால் அது அரசாங்க ரகசியம்தானே! அதை அவர் காப்பாற்றியிருந்தால் மூஸா (அலை) அவர்களின் உயிர் போயிருக்கும். மூஸா (அலை) அவர்களும் உடனே ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். ஆபத்து வரும்போது தப்பிச் செல்வது கோழைத்தனம் இல்லை என்பதற்கும் இது ஆதாரம்.

பல வருடங்களுக்குப் பிறகு நடந்ததைச் சூரா அல்முஃமின் 28ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஃபிர்அவ்னின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், தன் ஈமானை மறைத்து வைத்திருந்தவர், சபையிலேயே எழுந்து பேசுகிறார். ஒரு மனிதர் தன் இறைவன் அல்லாஹ் என்று சொன்னதற்காகவா அவரைக் கொல்லப் போகிறீர்கள் என்று கேட்கிறார். ஃபிர்அவ்ன் என்ன காரணம் சொன்னான்? மூஸாவால் நாட்டில் குழப்பம் வந்துவிடும் என்றான். நான் பார்ப்பதைத்தான் நீங்களும் பார்க்க வேண்டும் என்ற தோரணையில் பேசினான். நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரைச் சொல்லி அநியாயத்தை மூடுவது ஃபிர்அவ்ன் காலத்திலேயே இருந்திருக்கிறது.

எங்களைத் தெரியும், உங்களைத் தெரியாது

இப்போது நம் கரைக்கு வருவோம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் கடல்வழியாக வந்தார்கள். அதற்குப் பிறகு கடலோர மீனவர்களுக்கு விரல்ரேகையோடு அடையாள அட்டை கொடுத்தார்கள். கடலில் சோதனை செய்தால் காட்ட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் நம் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். ரேஷன் கடையில் விரல் வைக்கிறோம். இவற்றில் நியாயமான காரணங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை, எண்ணெய் மாசு இல்லை என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது. கரையில் கருப்பாக ஒதுங்கியதை மீனவர்கள்தான் காட்டினார்கள். பிறகு எத்தனை நாள் வாளியால் அள்ளினார்கள் என்று நீங்களே பார்த்தீர்கள். அதே வருடம் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வரைபடங்களைப் பெற்ற செயற்பாட்டாளர்கள் இன்னொன்றை வெளிக்கொண்டு வந்தார்கள். 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை வரைபடத்தில் இருந்த எண்ணூர் கழிமுகம், அதிகாரிகள் கொடுத்த வேறொரு வரைபடத்தில் நீர்ப்பரப்பாகவே இல்லை என்று காட்டினார்கள். ஆறு அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது, காகிதத்தில் மட்டும் காணவில்லை!

நம் விரல்ரேகை அவர்களுக்குத் தெரியும். நம் படகின் எண் தெரியும். நம் ஆற்றை எந்தக் காகிதத்தில் அழித்தார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரியக் கூடாதா?

இஸ்லாம் சொல்லும் முறை இதற்கு நேர் எதிரானது. தனிமனிதனின் வீட்டைத் துருவாதே, ஆட்சியாளனின் பொறுப்பை மறைக்காதே என்பதுதான் அது. துருவித் துருவி உளவு பார்க்காதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. மக்களின் மறைவான குறைகளைத் தேடிக்கொண்டே போனால் அவர்களைக் கெடுத்துவிடுவாய் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் முஆவியா (ரலி) அவர்களுக்குச் சொன்னது அபூதாவூதில் இருக்கிறது. ஓர் இரவு உமர் (ரலி) அவர்கள் சுவரேறிக் குதித்து ஒரு வீட்டில் நடந்த பாவத்தைப் பிடித்த சம்பவத்தை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் எடுத்தெழுதுகிறார்கள். அந்த மனிதர் பயப்படவில்லை. 'நான் ஒரு தவறு செய்தேன். நீங்கள் மூன்று செய்தீர்கள். உளவு பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதியும் சலாமும் இல்லாமல் நுழைந்தீர்கள்' என்ற கருத்தில் பதில் சொன்னார். உமர் (ரலி) அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். தன் கண்காணிப்பைக் கேள்வி கேட்டவனைத் தண்டிக்காமல் திரும்பிப் போன ஆட்சியாளரைத்தான் நாம் அமீருல் முஃமினீன் என்கிறோம். அபூபக்கர் (ரலி) அவர்கள் பதவியேற்ற முதல் உரையிலேயே, நான் தவறினால் என்னைத் திருத்துங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள்.

உலகம் பார்த்த இரண்டு சாட்சிகள்

1971இல் அமெரிக்காவில் டேனியல் எல்ஸ்பர்க் என்பவர், வியட்நாம் போரைப் பற்றித் தன் அரசாங்கம் மக்களிடம் பொய் சொன்னதைக் காட்டும் சுமார் 7,000 பக்க ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அவர் மீது போட்ட வழக்கு 1973இல் தள்ளுபடியானது. எப்படித் தெரியுமா? அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்துக்குள் புகுந்து அவரைப் பற்றிய குறிப்புகளைத் தேட அரசாங்கத்தின் ஆட்களே போனது அம்பலமானது. தன் ரகசியத்தைக் காக்க அடுத்தவனின் ரகசியத்தைத் திருடும் நிலைக்கு அதிகாரம் இறங்கிவிடுகிறது.

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் என்ற 29 வயது இளைஞர், அமெரிக்க உளவு அமைப்பு தன் நாட்டு மக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகச் சேகரிப்பதை வெளியிட்டார். எந்தக் குற்றமும் சாட்டப்படாத அமெரிக்க முஸ்லிம் தலைவர்கள் சிலரின் மின்னஞ்சல்கள் கண்காணிக்கப்பட்டதும் அவர் கொடுத்த ஆவணங்கள் மூலம் 2014இல் தெரியவந்தது. 2020இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தத் தொலைபேசித் திட்டம் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஸ்னோடென் நாடு திரும்ப முடியாமல் ரஷ்யாவில் இருந்தார். அவர் எடுத்த ஆவணங்களில் மக்களின் உரிமையோடு தொடர்பில்லாத வெளிநாட்டு உளவு விவரங்களும் இருந்தன என்று அவரை விமர்சிப்பவர்கள் சொல்கிறார்கள். அந்த விமர்சனத்தை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. ஹாதிப் (ரலி) அவர்களின் சம்பவம் சொல்லும் எல்லை இங்கேயும் பொருந்தும். தேவையான அளவுக்கு மேல் ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது. ஆனால் மக்களை அவர்களுக்கே தெரியாமல் வேவு பார்த்ததைச் சொன்ன பகுதி, என் அறிவுக்கு எட்டியவரை, சாட்சியம்தான்.

நம் நாட்டில் சாட்சி சொன்னவர்கள்

சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர் தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றி 2002இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் பெயரோடு பல அலுவலகங்களுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலை என்று சிபிஐ சொன்னது, 2010இல் மூவருக்குத் தண்டனை கிடைத்தது. கொலையின் காரணம் பற்றி என்ன முடிவு வந்திருந்தாலும், காக்கும்படி கேட்ட ஒரே ஒரு ரகசியத்தை அரசு இயந்திரம் காக்கவில்லை. அவருடைய பெயர்தான் அங்கே உண்மையான அமானிதமாக இருந்தது.

தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் அதே வருடம் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை. நீதிக்காக உயிரைக் கொடுத்தவரை நினைப்பதற்கு அது ஒரு தடையும் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் ஜகபர் அலி என்பவர் சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றி அதிகாரிகளிடம் தொடர்ந்து மனு கொடுத்து வந்தார். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. தொழுதுவிட்டு இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். லாரி மோதி இறந்தார். முதலில் விபத்து போலத் தெரிந்தது, பிறகு கொலை வழக்கானது. குவாரி நடத்தியவர்கள் உள்ளிட்ட சிலர் கைது செய்யப்பட்டார்கள், வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை வேறு. அவரோடு ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்க எவ்வளவோ பேர் உண்டு. தாசில்தார் அலுவலகத்துக்கு மனுவோடு போகும்போது எத்தனை பேர் கூடப் போனார்கள்? இந்தக் கேள்வியை அந்த ஊர்க்காரர்களைப் பார்த்து நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்தும் உங்களைப் பார்த்தும்தான் கேட்கிறேன்.

சட்டம் எங்கே இருக்கிறது?

தமிழ்நாடு 1997லேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. மாநிலங்களில் நாம்தான் முதலில் செய்தோம். 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மீனவர் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். 1923ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டு வந்த அலுவலக ரகசியச் சட்டத்தைக் காட்டி மட்டுமே மறுத்துவிட முடியாது. பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்று 8(2) பிரிவு சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 'தனிப்பட்ட தகவல்' என்ற காரணத்தைச் சொல்லி மறுப்பதை எளிதாக்கும் வகையில் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தியது. அதனால் இனி மேல்முறையீடு எழுதுகிறவர்கள் 8(2) பிரிவை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

தகவல் தருவோரைக் காக்கும் சட்டத்துக்கு 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டு வரும் அறிவிப்பை வெளியிடாமலே வருடங்கள் ஓடின. சத்யேந்திர துபே இறந்த பிறகு 2004இல் ஒன்றிய அரசு கொண்டு வந்த தீர்மானம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஒன்றிய அரசு ஊழியர்கள், ஒன்றிய பொதுத்துறை நிறுவனங்கள் பற்றிய புகாரை மத்திய ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். உறையை ஒட்டி, அதன் மேல் 'பிஐடிபிஐ' என்று எழுத வேண்டும். உங்கள் பெயரை உறையின் வெளியே எழுதக் கூடாது, உள்ளே எழுத வேண்டும். பெயரில்லாத கடிதத்தை எடுக்க மாட்டார்கள். தனியார் ஆலைக்கும் மாநில அலுவலகத்துக்கும் இந்த வழி பொருந்தாது. நம் தம்பிக்கு இது போதாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மீதிப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும்

சொல்ல நினைக்கிறவருக்கு நான்கு விஷயங்கள். ஒன்று, நிய்யத். மேலாளர் மேல் உள்ள கோபத்துக்காகவா, மக்கள் மேல் உள்ள அக்கறைக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, உறுதிப்படுத்துங்கள். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்று ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. தேதி, நேரம், கண்ணால் பார்த்தது, கேள்விப்பட்டது எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோ போடுவது சாட்சியம் ஆகாது. மூன்று, அளவு. தீமையைத் தடுக்கத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள், யாருடைய குடும்ப விஷயத்தையும் இழுக்காதீர்கள். நான்கு, சரியான இடம். முதலில் தடுக்க அதிகாரம் உள்ளவரிடம், அவர் காது கேளாதவர் போல இருந்தால் அடுத்த இடத்தில், வழக்கறிஞரின் ஆலோசனையோடு.

சொல்ல முடியாதவருக்கும் மார்க்கம் இடம் கொடுக்கிறது. கையால் தடுங்கள், முடியாவிட்டால் நாவால், அதுவும் முடியாவிட்டால் உள்ளத்தால் வெறுங்கள், அது ஈமானின் பலவீனமான நிலை என்ற கருத்திலான ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். பிள்ளைகளின் உணவுக்குப் பயந்து ஒருவர் வாய் திறக்கவில்லை என்றால் அவரை நாம் பழிக்க வேண்டாம். ஆனால் அந்த மூன்றாவது படியில் ஒரு ஊரே நிரந்தரமாக உட்கார்ந்துவிடக் கூடாது.

அநியாயக்கார ஆட்சியாளர் முன் சத்தியத்தைச் சொல்வது சிறந்த ஜிஹாத் என்ற ஹதீஸை மேடையில் அடிக்கடி சொல்கிறோம். சொன்னவர் வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு வேலை போனால் யார் அரிசி வாங்கிக் கொடுப்பது? அவர் பிள்ளைக்கு ஃபீஸ் யார் கட்டுவது? நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவுங்கள் என்பது அல்மாயிதாவின் 2ஆம் வசனத்தின் கட்டளை. ஜமாஅத்தார் இதைப் பற்றிப் பேச வேண்டும். மனு ஒருவர் பெயரில் போக வேண்டாம், 50 பேர் பெயரில் போகட்டும். நம் பக்கத்துக் குப்பங்களின் சகோதரர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் அதில் கையெழுத்துப் போடட்டும், ஏரி எல்லோருக்கும் பொதுவானதுதானே. வேலை இழந்தவருக்குச் சில மாதங்கள் உதவ ஒரு நிதி தனியாக இருக்கட்டும். இன்னொன்று, யார் தகவல் கொடுத்தார் என்று டீக்கடையில் துப்பறியாதீர்கள். அந்தப் பெயரைக் காப்பது நம் ஒவ்வொருவர் மேலும் உள்ள அமானிதம்.

அந்தத் தம்பியின் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். தம்பி, நீங்கள் இதை வாசித்தால், அன்று நான் சொன்ன பதிலுக்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட மஸ்அலாவுக்கு இதுதான் பதில்: நீங்கள் துரோகி ஆக மாட்டீர்கள். அந்தச் செய்தி உங்களிடம் இருக்கிறது, ஆனால் அது இந்தக் கரை மக்களுடையது. எப்போது, எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டியதில்லை. வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். எங்கே போனாலும் நான் கூட வருகிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் குறைகளை மறைப்பாயாக. மக்களுக்குத் தீங்கு செய்யும் தீமைகளை வெளிப்படுத்துவாயாக. சத்தியத்தைச் சொல்லி உயிர் இழந்தவர்களின் குடும்பங்களுக்குப் பொறுமையையும் நீதியையும் கொடுப்பாயாக. எங்கள் ஏரியையும் எங்கள் கடலையும் அதில் உழைப்பவர்களையும் பாதுகாப்பாயாக. எங்கள் ஆட்சியாளர்களின் உள்ளங்களில் உன் அச்சத்தைப் போடுவாயாக. எங்களைச் சாட்சியத்தை மறைக்காதவர்களாகவும், சாட்சி சொன்னவரைக் கைவிடாதவர்களாகவும் ஆக்குவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.